மலக் கணக்கும் ரத்தக் கணக்கும்

அறிவியலுக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். இருக்கலாம். சோதனைக் குழாய்க்குள் இறங்கிய பிறகு ரத்தத்துக்குச் சாதி கிடையாதுதான். ஆனால் அந்தக் குழாய்க்குள் யாருடைய ரத்தம் இறங்கணும், முதலில் யாரைக் கூப்பிடணும், அதற்கான செலவை எந்தக் கணக்கில் எழுதணும், கூப்பிடப்பட்டவன் இழந்த கூலியை யார் கொடுக்கணும் என்று தீர்மானிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் நுண்ணோக்கி இல்லை. கோப்பு இருக்கிறது, நிதி ஒதுக்கீடு இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். சாதி உட்காருகிற நாற்காலியும் அங்கேதான் போட்டிருக்கிறது.

நான் அன்னவாசல் ஒன்றியத்துக்காரன். எங்கள் ஒன்றியத்தை வெளியூர்க்காரர்களுக்கு முன்பெல்லாம் சித்தன்னவாசல் ஓவியத்தை வைத்துத்தான் தெரியும். 2022 டிசம்பருக்குப் பிறகு வேங்கைவயலை வைத்துத் தெரிகிறது. அந்தக் கொடுமையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, கூட்டம் போட்டாகிவிட்டது, கட்சிகள் வந்து போய்விட்டன. அந்த வழக்கில் டி.என்.ஏ. பரிசோதனை என்ற ஒன்று நடந்ததே, அதன் கணக்கைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசவில்லை. கணக்கு நம்ம சமாச்சாரம் இல்லை, அது ஆபீசர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்னவாசல் ஒன்றியம் முட்டுக்காடு ஊராட்சியில் இறையூரை ஒட்டி இருக்கிறது வேங்கைவயல். பறையர் குடும்பங்கள் வாழும் சின்னக் குடியிருப்பு. அவர்களுக்கென்று 10,000 லிட்டர் கொள்ளளவில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, குடிக்கிற தண்ணியைப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2022 டிசம்பர் 26ஆம் தேதி தொட்டி மேலே ஏறிப் பார்த்தவர்கள் தண்ணீரில் மனித மலம் கிடந்ததைக் கண்டார்கள். மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தார்கள். வந்த இடத்தில் இன்னும் இரண்டு விஷயம் அம்பலமானது. இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் எங்க சனங்களுக்கு அனுமதி இல்லை. ஆட்சியர் முன்னிலையில் மக்கள் கோயிலுக்குள் போனார்கள், அதற்கெனத் தனி வழக்குகளும் பதிவாயின. தொட்டியில் மலம் கலந்த வழக்கு வெள்ளனூர் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவானது. 2023 ஜனவரியில் அது சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது.

தொட்டித் தண்ணீர் மாதிரியைச் சென்னை தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கலந்திருந்தது ஒரு பெண், இரண்டு ஆண்கள் ஆகியோருடைய கழிவு என்று செய்திகள் வந்தன. அடுத்து யாருடையது என்று ஒப்பிட ரத்தம் வேண்டும். 2023 ஏப்ரலில் 11 பேரிடம் ரத்தம் எடுக்க புதுக்கோட்டை சிறப்பு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மூன்று பேர் வந்தார்கள். வேங்கைவயலைச் சேர்ந்த எட்டுப் பேர் மறுத்தார்கள். மலம் கலந்த தண்ணியைக் குடித்தவர்கள் நாங்கள், எங்களிடமே ரத்தமா என்பது அவர்கள் கேள்வி. விஷயம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய்த் திரும்பியது. 2023 ஜூலையில் அந்த எட்டுப் பேரும் ரத்தம் கொடுத்தார்கள். பிறகு நான்கு சிறார்களிடமும் எடுத்தார்கள். மொத்தம் 31 பேர். ஒருத்தருடையதும் பொருந்தவில்லை.

2025 ஜனவரி 20ஆம் தேதி குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் வேங்கைவயல் தலித் இளைஞர்கள். ஊராட்சி நிர்வாகத்தோடு இருந்த பகையால் செய்தார்கள் என்பது போலீசின் கதை. அந்தக் கதை நிற்பது கைப்பேசிப் படங்கள், உரையாடல் பதிவுகள் மேல், டி.என்.ஏ. மேல் இல்லை. அடுத்த மாதமே, குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினரே என்ற காரணத்தால் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்ட சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. மக்கள் அந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை, மத்தியப் புலனாய்வு கேட்டார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு கணக்கு. 2022 டிசம்பர் 26இலிருந்து 2025 ஜனவரி 20 வரை 756 நாள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டிய கெடு 60 நாள். இடையில் இருக்கிற அந்த 696 நாளும் யாருடைய கணக்கில் செலவாச்சு?

இதைப் புரிந்துகொள்ள டி.என்.ஏ. பரிசோதனை என்பது என்ன வேலை என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மலம் என்பது பெரும்பாலும் செரிக்காத சக்கையும் பாக்டீரியாவும்தான். மனித டி.என்.ஏ. அதில் இருப்பது, குடல் சுவரிலிருந்து உதிர்ந்து கூடவே வருகிற உயிரணுக்களில். ரத்தத்திலோ எச்சிலிலோ கிடைப்பது மாதிரி சுத்தமாகக் கிடைக்காது. மலத்தில் உள்ள சில பொருட்கள் டி.என்.ஏ.வைப் பெருக்குகிற வேதிவினையையே தடுத்துவிடும். இதைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு மணி நேரமும் டி.என்.ஏ. இழை அறுந்து சிதைந்துகொண்டே போகும். ஒருத்தருக்கு மேற்பட்டவர்களுடையது கலந்திருந்தால் பிரித்துச் சொல்வது மேலும் கஷ்டம். ஆக, இப்படிப்பட்ட வழக்கில் அறிவியலின் ஆயுள் முதல் சில மணி நேரத்தில் இருக்கிறது. மாதிரியை யார் எடுத்தது, எந்தப் பாத்திரத்தில் எடுத்தது, பனிக்கட்டியில் வைத்தார்களா, எத்தனை மணிக்கு ஆய்வகம் போய்ச் சேர்ந்தது. மற்றதெல்லாம் இதற்கப்புறம்தான்.

இப்பப் பணத்துக்கு வருவோம். போலீஸ் துறையில் டி.என்.ஏ.வுக்குச் செலவு என்றால் சட்டசபையில் பெருமையாக அறிவிக்கப்படுவது எந்திரம். புது ஆய்வகக் கட்டடம், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிற பகுப்பாய்வுக் கருவி. போட்டோ எடுக்க வசதியாக இருக்கும். ஆனால் எந்திரம் ஒரு தடவை வாங்குகிற செலவு. வருசா வருசம் வேண்டியது வேதிப்பொருள், சோதனைத் தொகுப்புகள், எந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தம், பயிற்சி பெற்ற ஆட்கள், குளிர்பதனப் பெட்டி, மாதிரியை முத்திரை வைத்து மாவட்டத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுபோகிற காவலரின் பஸ் கட்டணமும் படியும். இந்தச் சில்லறைச் செலவுகள்தான் வழக்கைக் காப்பாற்றுகிறவை. ஒன்றியத் தலைநகரில் ஒரு மாதிரி சேகரிப்புப் பெட்டியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு ஆளும் இருப்பதற்கு ஆகிற காசு, பின்னால் 31 பேரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கிற காசை விடக் குறைவாகத்தான் இருக்கும். முதல் மணி நேரத்துக்கு மிச்சம் பிடிக்கிற காசை, அடுத்த ரெண்டு வருசத்தில் எங்க சனங்களின் கையைக் குத்தி வசூல் பண்ணுகிறார்கள்.

தடயத்தைக் காப்பாற்ற நம்ம அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஒன்றியத்துக் குகைக்குப் போய்ப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சாயத்தைத் தொல்லியல் துறை கம்பிக் கதவு போட்டு, காவல் போட்டு, நுழைவுச் சீட்டு வைத்துக் காக்கிறது. காக்க வேண்டியதுதான், அது நம்ம சொத்து. ஆயிரம் வருசத்துத் தாமரைக் குளத்தைச் சுவரில் காப்பாற்றத் தெரிந்த அரசுக்கு, சேரித் தொட்டித் தண்ணீரை மட்டும் ஏன் காக்கத் தெரியாமல் போகணும்?

டி.என்.ஏ. எங்கள் மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. இந்த வரலாற்றை இளைய தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்னவாசலுக்குப் பக்கத்து ஒன்றியம் விராலிமலை. அந்தப் பக்கம் பாத்திமா நகரில் ஆசிரமம் வைத்திருந்தார் பிரேமானந்தா. ஈழத்திலிருந்து வந்த அநாதைப் பெண் பிள்ளைகளை அங்கே வைத்திருந்தார். 1994இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் சொன்ன பிறகுதான் நடந்த வன்கொடுமை வெளியே தெரிந்தது. அவரிடம் பணம் இருந்தது, வெளிநாட்டுப் பக்தர்கள் இருந்தார்கள், ராம் ஜெத்மலானி மாதிரி வக்கீல் இருந்தார். எதிரே நின்றது கேட்பாரில்லாத அகதிப் பெண்கள். அப்போது தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு இன்றிருக்கிற வசதி கிடையாது. கலைந்த கருவின் திசுவை ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் டி.என்.ஏ. ரேகை முறையைக் கொண்டுவந்த லால்ஜி சிங் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆர். பானுமதி பிறகு உச்சநீதிமன்ற நீதிபதியானார். 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் உச்சநீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தன.

ஒரே மாவட்டம். இரண்டு வழக்கிலும் பாதிக்கப்பட்டவர்கள் நாதியற்றவர்கள். இருபத்தைந்து வருசத்தில் அறிவியல் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அப்போது வாரக்கணக்கில் ஆன வேலையை இப்போது எந்திரம் நாள்கணக்கில் செய்துவிடும். அப்படியிருந்தும் அன்று பயன்பட்டது இன்று ஏன் பயன்படவில்லை? அன்று பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதை முதலில் நம்பினார்கள். அவர்கள் கை காட்டிய ஆளை நோக்கிப் பரிசோதனை போனது. நல்ல நிலையில் இருந்த தடயம் கிடைத்தது, அதைச் சோதிக்க வெளி மாநிலம் வரை போகவும் செலவு செய்யவும் அரசு தயாராக இருந்தது. வேங்கைவயலில் தடயம் தண்ணீரில் கரைந்திருந்தது, சந்தேகமோ குடித்தவர்கள் பக்கமே திரும்பி நின்றது. எந்திரம் அதே வேலையைத்தான் செய்தது. எந்திரத்துக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வி மாறிப்போனது.

அடித்தட்டு மக்களின் உடம்பிலிருந்து அடையாளம் எடுத்து வைப்பது இந்த நாட்டுப் போலீசுக்குப் பழைய பழக்கம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது. 1911 சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் என்று முழுச் சாதியையே குற்றவாளி என்று எழுதிக் கைரேகை எடுத்தார்கள். மதுரைப் பக்கத்தில் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சனங்கள் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது, பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ரேகை கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர்களை இன்று தியாகிகள் என்று கும்பிடுகிறோம், சரியாகத்தான் செய்கிறோம். 2023இல் ரத்தம் கொடுக்க மாட்டோம் என்று எட்டுப் பேர் சொன்னபோது மட்டும், மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதுக்கு என்று கேட்டவர்கள் நிறையப் பேர். உடம்பைக் கொடு, பிறகு உன்னை நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிறேன் என்பது நூறு வருசத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் நியாயம்.

சட்டமும் இந்த இடத்தில் பெரிய பாதுகாப்புத் தரவில்லை. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றை எடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்று 1961இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, கைதானவர்களின் மருத்துவப் பரிசோதனைக்குள் டி.என்.ஏ.வையும் சேர்த்தார்கள். வேங்கைவயலில் ரத்தம் கேட்கப்பட்டபோது அவர்கள் யாரும் கைதானவர்கள் இல்லை, அதனால்தான் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. டி.என்.ஏ. தகவல் வங்கிக்கு என்று 2019இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. இந்தத் தகவல் சாதி, மதம் பார்த்து மக்களைப் பிரிக்கப் பயன்படலாம் என்ற அச்சத்தை நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2021 அறிக்கையே பதிவு செய்தது. தலித்துகள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள் இதில் அதிகமாக அடிபடுவார்கள் என்ற கவலை மாற்றுக் கருத்துக் குறிப்புகளில் வந்தது. 2023 ஜூலையில் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேங்கைவயலில் பெரியவர்கள் ரத்தம் கொடுத்தது அதே மாதம்தான்.

ஊரையே கூப்பிட்டு ரத்தம் எடுப்பது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. இந்த முறை குற்ற வழக்கில் முதன்முதலில் பயன்பட்டதே அப்படித்தான். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொலையானார்கள். பதினேழு வயசுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி சோதித்துப் பார்த்து அவன் செய்யவில்லை என்று நிரூபித்தார். ஆக, குற்ற வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் வேலை ஒரு அப்பாவியை விடுவித்தது. அதற்குப் பிறகு 1987இல் சுற்றுவட்டார ஆண்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் ரத்தம், எச்சில் கொடுத்தார்கள். பொருந்தவில்லை. கொலைகாரன் தனக்குப் பதிலாக வேலைக்கூட்டாளியை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். அந்தக் கூட்டாளி மதுக்கடையில் உளறியதை ஒரு பெண் கேட்டுப் போலீசுக்குச் சொன்னாள். அதன் பிறகே பிடிபட்டான், 1988இல் தண்டனை ஆனது. அங்கே இறந்த பிள்ளைகளின் வீட்டாரைக் குற்றவாளிகளாக நிறுத்தி ஆரம்பிக்கவில்லை. அந்த வட்டாரத்து ஆண்கள் எல்லாரும் சமமாக வரிசையில் நின்றார்கள். எந்திரம் கைவிட்ட இடத்தில் மனுசப் பேச்சு வழக்கை முடித்தது.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவில். டெட்ராய்ட் நகரத்தில் போலீஸ் கிடங்கு ஒன்றில் 2009இல் பாலியல் வன்முறைத் தடயப் பெட்டிகள் பதினோராயிரத்துக்கு மேல் சோதிக்கப்படாமல் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பெட்டியைச் சோதிக்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், பணம் இல்லை என்றார்கள். அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தக்காரிகள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், ஏழைகள். பிறகு நடந்த ஆய்வில், பணப் பற்றாக்குறையோடு சேர்ந்து, அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்ற போலீசின் எண்ணமும் ஒரு காரணம் என்று தெரிந்தது. பணம் இல்லை என்பதற்கும் நம்பவில்லை என்பதற்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான் இருக்கிறது. டெட்ராய்டில் நம்பாததால் சோதிக்கவில்லை. வேங்கைவயலில் நம்பாததால் சோதித்தார்கள். கறுப்பினப் பெண்ணின் தடயம் அலமாரியில் கிடந்தது, தலித்தின் ரத்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிதி ஒதுக்கீடு என்பது எண்களால் எழுதப்பட்ட சாட்சியம் என்று விளங்கும்.

இந்தக் கணக்கில் எந்த அரசும் எழுதாத பத்தி ஒன்று உண்டு. என் அப்பா ஒரு வழக்கில் சாட்சியாக இருந்தார். வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்குப் போய் வந்தார். போகிற அன்னைக்கு நடவுக் கூலி போச்சு, பஸ்ஸுக்குக் கடன். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இன்னைக்கும் கூப்பிடல" என்பார். அம்மா ஒண்ணும் பேசாமல் பானையைப் பார்ப்பாள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி, சாப்பாட்டுச் செலவு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத பராமரிப்புப் படி எல்லாம் உண்டு என்று 1995 விதிகளில் எழுதியிருப்பதை நான் கல்லூரிக்குப் போய்ப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை, ஒரு பைசா கொடுக்கவும் இல்லை. விசாரணைக் காலத்துக்கும் அந்தப் படி உண்டு. ரத்தம் எடுக்கக் கூப்பிட்டாலும், கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலும், திரும்பத் திரும்ப விசாரணைக்கு வரச் சொன்னாலும், நாள் போவது கூலிக்காரனுக்கு. வேங்கைவயல் வழக்கில் முன்னூறு பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். அத்தனை பேரின் நாள் கூலியை ஒரு தாளில் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கணக்குத் தணிக்கையாளருக்கும் தோன்றவில்லை.

அதே விதிகளின் அட்டவணையில், பட்டியல் சாதி மக்களின் தண்ணீரை அசுத்தப்படுத்தினால் சுத்தம் செய்கிற முழுச் செலவையும் அரசு ஏற்க வேண்டும், அதற்கு மேல் சமுதாயச் சொத்து உருவாக்க 8,25,000 ரூபாயை மாவட்ட ஆட்சியரிடம் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தொட்டியில் மலம் விழும் என்று தெரிந்தே இருந்திருக்கிறது. அசுத்தத்துக்கு விலை குறித்து வைத்தார்கள். அந்த மலத்தை விட்டவனைக் கண்டுபிடிக்கிற செலவுக்கு மட்டும் தனி வரி எழுதவில்லை.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூனில் ஒன்றிய அரசு தேசியத் தடய அறிவியல் உள்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2,254.43 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஐந்து வருசத்துக்கான பணம். அது போகிற இடம் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழக வளாகங்களும் மத்திய ஆய்வகங்களும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஏழு வருசமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் போக வேண்டும், அதை ஐந்து வருசத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும். இங்கேயும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல குற்றங்களுக்கு, தண்ணீரை அசுத்தப்படுத்துவதற்கும் சேர்த்து, அதிகபட்சத் தண்டனை ஐந்து வருசம். ஆக, தொட்டியில் மலம் கலந்தால் நிபுணர் கட்டாயம் வரணும் என்று இந்தப் புதுச் சட்டமும் சொல்லவில்லை. பெரிய ஆய்வகம் எத்தனை வந்தாலும், சேரித் தொட்டி அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கும்.

அப்படியானால் நாம் என்ன கேட்கணும்? டி.என்.ஏ. வேண்டாம் என்று சொல்ல முடியாது. விராலிமலைப் பெண்களுக்கு அது நீதி வாங்கித் தந்தது. பொய் வழக்கில் மாட்டிய எங்க பையன்களை நாளைக்கு அதுவே விடுவிக்கலாம். நாம் கேட்க வேண்டியது, உள்துறை மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது தடய அறிவியலுக்கான பணம் எந்த வரிசையில் செலவாகும் என்பதை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் முதல் மணி நேரத்தில் மாதிரி எடுக்கிற ஆளும் பெட்டியும் இருக்க முதல் பணம். வன்கொடுமை வழக்குகளின் மாதிரிகளுக்கு ஆய்வகத்தில் முன்னுரிமையும், 60 நாளுக்குள் அடங்குகிற கெடுவும். ரத்தம் கொடுக்கிறவருக்கு விதிப்படியான கூலியும் பயணப்படியும் அங்கேயே, அன்றைக்கே. பாதிக்கப்பட்ட தரப்பு விரும்பினால் வேறொரு ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்ய அரசுச் செலவில் வழி. பொருந்தவில்லை என்று வந்தால், மாதிரி சிதைந்துபோனதால் பொருந்தவில்லையா, ஆள் அவர் இல்லை என்பதால் பொருந்தவில்லையா என்று எழுத்து மூலமான விளக்கமும், எடுத்த ரத்தத்தை அழித்ததற்கான சான்றும். இந்தச் செலவை ஆதிதிராவிடர் மேம்பாட்டு நிதியிலிருந்து எடுக்கக் கூடாது. 2024இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது, அது எங்க பிள்ளைகளின் படிப்புக்கும் பிழைப்புக்கும் உள்ள பணம். போலீஸ் வேலைக்குப் போலீஸ் பணத்தைச் செலவழிக்கட்டும்.

இதைக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையிலும் மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலும் கண்காணிப்புக் குழு கூட வேண்டும். அந்தக் குழுவில் உட்காருகிற நம்ம ஆட்கள் நிவாரணத் தொகையோடு பேச்சை முடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வராமல், ஆய்வகத்தில் எத்தனை மாதிரி எத்தனை மாசமாகக் கிடக்கிறது என்று கேட்கட்டும். மாணவத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடட்டும். நடக்கிற வழக்கின் விவரத்தைக் கேட்டால் விசாரணை கெடும் என்று மறுப்பார்கள், மொத்த எண்ணிக்கையை மறுக்க முடியாது. ஒரு வருசத்தில் வன்கொடுமை வழக்குகளில் எத்தனை பேரிடம் ரத்தம் எடுத்தீர்கள், அதில் புகார் கொடுத்த தரப்பு எத்தனை, புகாருக்கு ஆளான தரப்பு எத்தனை, செலவு எவ்வளவு, சாட்சிகளுக்குக் கொடுத்த படி எவ்வளவு? மாவட்டத்துக்கு ஒரு மனு போதும். வருகிற பதில்களை ஒன்றாக அடுக்குங்கள். பதில் வராத மாவட்டத்தின் பெயரையும் அதே பட்டியலில் எழுதுங்கள். நம்ம ரத்தத்தின் கணக்கை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கை நாம் எழுத ஆரம்பிக்கணும்.